பேட்டர்சன் டேங்க்: மூடியை நம்பலாம், ரீல்தான் படுத்தும்

கருப்பு வெள்ளை ஃபிலிமைத் தானே கழுவிப் பார்க்கலாம் என்று இறங்கும் பலருக்கும் முதல் டேங்க் பேட்டர்சன் சூப்பர் சிஸ்டம் 4 ஆகத்தான் இருக்கும். கருப்பு பிளாஸ்டிக் பாத்திரம், வெள்ளை ரீல், நடுவே ஒரு குழாய், மேலே புனல் போல ஒரு மூடி, அதற்கும் மேலே அழுத்தி மூடும் இளகிய தொப்பி, கலக்க ஒரு குச்சி. அவ்வளவுதான் சாமான். ஆனால் நெகட்டிவில் கறை, வெளுத்த ஓரம், பால் நிறத் திட்டு என்று எது வந்தாலும் பழி, படத்தைத் தெரியவைக்கும் மருந்தான டெவலப்பர் மேல்தான் விழுகிறது. பாட்டிலை மாற்றுகிறார்கள், கலவையை மாற்றுகிறார்கள், கோளாறு மட்டும் மாறுவதில்லை. காரணம், அது பிறந்த இடம் டேங்க்.

இந்த டேங்க் பல உயரங்களில் கிடைக்கிறது. வாங்குவதானால் இரண்டு ரீல் பிடிக்கும் யுனிவர்சல் அளவை வாங்குங்கள். அதில் 35 மிமீ ரோல் இரண்டு அல்லது அகலமான 120 ரோல் ஒன்று போகும். ஒரே ரீல் பிடிக்கும் குட்டி டேங்க் கெமிக்கலை மிச்சப்படுத்தும் என்று தோன்றும், ஆனால் 120 பக்கம் போகிற அன்றைக்கு அது உதவாது. ஐந்து ரீல் டேங்க் வேறு மாதிரி சிக்கல். ரீலுக்கு 290 மில்லி என்றால் ஐந்துக்கு 1,450 மில்லி. அவ்வளவையும் புனல் வழியே ஊற்றி முடிப்பதற்குள் அடியில் இருக்கும் ஃபிலிம் வேகமாகக் கழுவப்பட ஆரம்பித்திருக்கும், மேலே இருப்பது காய்ந்தபடி காத்திருக்கும். கழுவும் நேரம் ஆறேழு நிமிடம்தான் என்றால் இந்த வித்தியாசம் நெகட்டிவில் தெரியும். முழு டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்துவதும் மணிக்கட்டுக்கு நல்லதல்ல.

முதலில் ரீல். குறை சொல்ல வேண்டியது அதிகம் இருப்பதும் அங்கேதான். இரண்டு தட்டுகளையும் எதிரெதிர்த் திசையில் திருகி, தடுப்பைத் தாண்டி 'டக்' என்று விட்டதும் இழுத்தால் பிரிந்துவிடும். 35 மிமீ, 127, 120 என்று எந்த அகலம் வேண்டுமோ அந்தப் பள்ளத்தில் வைத்துத் திரும்பத் திருகிக்கொள்ளலாம். புது ரீலில் இந்த முதல் திருகலுக்குப் பயமில்லாமல் பலம் கொடுக்க வேண்டும், உடையாது. தட்டு ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு சின்ன எஃகு குண்டு உண்டு. ஃபிலிம் நுனியை இந்தக் குண்டுகளைத் தாண்டித் தள்ளிவிட்டு, சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்தது போல இரண்டு தட்டுகளையும் பிடித்து முன்னும் பின்னும் மாறிமாறித் திருக வேண்டும். ஒரு பக்கக் குண்டு ஃபிலிமைப் பிடித்துக்கொள்ள, மறுபக்கம் வழுக்கும். அடுத்த திருகலில் இது தலைகீழாகும். இப்படி ஃபிலிம் வெளிச்சுற்றிலிருந்து உள்சுற்றை நோக்கி நடந்து போகும்.

உலர்ந்த ரீலில் 36 படங்கள் உள்ள ரோல், அதாவது ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல், ஒரு நிமிடத்துக்குள் ஏறிவிடும். ரீல் ஈரமாக இருந்தால் ஏறவே ஏறாது. சொட்டுச் சொட்டாக ஈரம் வேண்டியதில்லை, குண்டு உட்கார்ந்திருக்கும் பள்ளத்தில் ஒரு துளி போதும். அது ஃபிலிமின் மேல் பூசிய எமல்ஷன் படலத்தை வீங்கவைத்து, வீங்கிய இடம் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு, பின்னால் வருவதையும் நிறுத்திவிடும். அந்த நேரத்தில் பலம் கொடுத்துத் திருகினால் ஃபிலிம் பள்ளத்தை விட்டுத் துள்ளிப் பக்கத்துச் சுற்றின் மேல் படுக்கும். கழுவி முடித்துப் பார்க்கும்போது ஒட்டிய இடம் முழுக்கப் பால் வெள்ளையாகவோ சாம்பல் திட்டாகவோ நிற்கும். அங்கே டெவலப்பரும் போகவில்லை, படத்தை நிலைப்படுத்தும் ஃபிக்ஸரும் போகவில்லை. மறுபடி ஃபிக்ஸரில் போட்டால் திட்டு தெளியும், ஆனால் அந்த இடத்தில் இருந்த படம் திரும்ப வராது.

ஆகவே ஒரே நாளில் நான்கைந்து ரோல் கழுவுகிறவர் கூடுதல் ரீல்கள் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் ரீலை முழுக்க உலர்த்த வேண்டும். துணியால் துடைப்பது போதாது, குண்டு இருக்கும் பள்ளத்துக்குள் துணி போகாது. பிரித்து, உதறி, ஹேர் டிரையரை மிதமான சூட்டில் காட்டலாம். அதிகச் சூடு தட்டை வளைத்துவிடும். வளைந்த தட்டில் ஃபிலிம் எப்போதும் ஒரே இடத்தில் மாட்டும்.

ஈரத்துக்கு இன்னொரு வழியும் உண்டு, அது நம் கை. ஃபிலிமை இருட்டில் ஏற்றுவதற்கான, வெளிச்சம் புகாத துணிப்பையான சேஞ்சிங் பேக்குக்குள் கையை விட்டு ஐந்து நிமிடம் மல்லுக்கட்டினால் உள்ளே காற்று புழுங்கிவிடும், விரல் வியர்க்கும், ஃபிலிம் பிசுபிசுக்கும். முதல் முயற்சியில் ஏறாத ஃபிலிம் அதற்கப்புறம் மேலும் முரண்டு பிடிப்பது இதனால்தான். ஏறவில்லை என்று தெரிந்தால் பிடிவாதம் வேண்டாம். ரீலையும் ஃபிலிமையும் அப்படியே டேங்குக்குள் போட்டு, நடுக்குழாயையும் வைத்து, புனல் மூடியைத் திருகி மூடிவிட்டுக் கையை வெளியே எடுங்கள். கையைக் கழுவித் துடைத்து, பையை உதறிக் காற்றாட விட்டு, கால் மணி நேரம் கழித்துத் தொடரலாம். டேங்க் மூடியிருக்கும்வரை ஃபிலிமுக்கு ஆபத்தில்லை.

ஃபிலிம் நுனியை வெட்டுவதில் கொஞ்சம் அக்கறை காட்டினால் ரீலின் பாதி முரண்டு அடங்கிவிடும். 35 மிமீ ரோலில் லீடரை, அதாவது படம் பதியாத தொடக்க நுனியை, வெளியே இழுத்துவைத்து, வெளிச்சத்திலேயே வெட்டிக்கொள்வது நல்லது. வெட்டு நேராக இருக்க வேண்டும், இரண்டு பல்துளைகளுக்கு நடுவே போக வேண்டும். துளையின் ஊடே போனால் கொக்கி மாதிரி ஒரு முனை நீட்டிக்கொண்டு பள்ளத்தில் மாட்டும். பிறகு இரண்டு மூலையையும் இம்மியளவு மழுக்குங்கள். விரலால் தடவினால் குத்தக்கூடாது, அவ்வளவு போதும். ரீலின் வாய் இருக்கும் இடத்தை இருட்டில் தடவிக் கண்டுபிடிக்க, இரண்டு தட்டிலும் முக்கோணமாகப் புடைத்த அடையாளம் இருக்கிறது. இரண்டும் நேருக்கு நேர் வந்தால்தான் ஃபிலிம் உள்ளே போகும். ஒன்று முன்னே ஒன்று பின்னே இருந்தால் ஒரு ஓரம் ஏறும், மறு ஓரம் மடியும். கடைசியில் ஃபிலிமைக் கேசட்டின் அச்சிலிருந்து பிய்க்காமல் கத்தரியால் வெட்டிவிடுங்கள்.

120 ஃபிலிம் அகலம், மெல்லியது, தானாகச் சுருண்டுகொள்ளும். முதல்முறை அதில் திணறாதவர் அபூர்வம். பின்தாளை அவிழ்த்துக்கொண்டே போனால் முதலில் கையில் படுவது ஃபிலிமின் ஒட்டாத நுனி. டேப் ஒட்டியிருப்பது மறுமுனையில். டேப்பைப் பட்டென்று உரித்தால் அந்த இடத்தில் மினுக்கென்று ஒரு ஒளி தோன்றும், அது ஃபிலிமில் பதியவும் செய்யலாம். மெதுவாக உரிக்கலாம், அல்லது வெட்டி எறியலாம். இன்னும் நல்லது, உரித்த டேப்பை ஃபிலிமின் அதே முனையின் மேல் மடித்து ஒட்டிவிட்டு அந்த முனையையே முதலில் ரீலுக்குள் நுழைப்பது. டேப் கொடுக்கும் விறைப்பில் நுனி வளையாமல் போகும். 120-ஐ ஏற்றும்போது அகலவாக்கில் அழுத்திப் பிடித்தால் பிறைச்சந்திரன் வடிவத்தில் மடிப்பு விழும். எமல்ஷனில் விழுந்த அந்தப் பிறை எந்தக் கெமிக்கலிலும் போகாது, பிரிண்டில் வானப் பகுதியில் வந்து நின்றால் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். ஓரங்களை மட்டும் பிடியுங்கள்.

வாங்கியவுடன் வீணான ஒரு ரோலை இதற்கென்றே பலி கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம். முதலில் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே, பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பிறகு பைக்குள். அதே ரோலை ரொம்ப நாள் வைத்துப் பழகக்கூடாது. ஓரம் நைந்த ஃபிலிம் நல்ல ரீலிலும் மாட்டும், ரீல் கெட்டுவிட்டதோ என்று சந்தேகம் வரும்.

நடுக்குழாய்க்கு வருவோம். ரீலைச் சொருகி வைக்கும் தடி என்றுதான் அதைப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வெளிச்சத்தைத் தடுப்பதே அதுவும் புனலும் சேர்ந்துதான். நடுக்குழாய் இல்லாமல் புனலை மட்டும் மூடினால் ஊற்றும் ஓட்டை வழியே வெளிச்சம் நேரே ரீலின் மேல் இறங்கும், ரோல் முழுக்கக் கருத்துப்போகும். பைக்குள் வேலை செய்யும்போது மறந்துபோகிற சாமான் இதுவே. கையை உள்ளே விடுமுன் பாத்திரம், குழாய், ரீல், புனல், கத்தரி என்று வாய்விட்டு எண்ணிக்கொள்வதில் வெட்கமில்லை. புனலைத் திருகும்போது 'கிளிக்' என்று ஒரு சத்தமும் ஒரு தடையும் கையில் தெரியும். அது வந்த பிறகுதான் பையைத் திறக்க வேண்டும். மேல் தொப்பி வெளிச்சத்துக்காக இல்லை, கவிழ்க்கும்போது சிந்தாமல் இருக்க மட்டும்.

குழாயோடு ஒரு வளையம் போன்ற கிளிப் வரும். அதைப் பலரும் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். இரண்டு ரீல் டேங்கில் ஒரே ஒரு 35 மிமீ ரோலைப் போட்டு 290 மில்லி ஊற்றினால், கவிழ்க்கும்போது ரீல் குழாயில் மெல்ல மேலே ஏறிவிடக்கூடும். நிமிர்த்தும்போது இறங்காமல் அங்கேயே நின்றால் ஃபிலிமின் மேல் ஓரம் டெவலப்பருக்கு வெளியே இருக்கும். நெகட்டிவில் ரோலின் ஒரு நீள ஓரம் முழுக்க வெளுத்துப் போகும், பிரிண்டில் அதே ஓரம் இருண்டு வரும். "டெவலப்பர் சரியாகக் கலக்கவில்லை" என்று தீர்ப்பு சொல்லப்படும் நெகட்டிவ்களில் இந்த வகை நிறைய. கிளிப்பை ரீலுக்கு மேலே அழுத்திப் போடுங்கள், அல்லது மேலே ஒரு காலி ரீலை வைத்துவிடுங்கள்.

டேங்கின் அடியில் அளவுகள் அச்சாகியிருக்கின்றன: 35 மிமீ-க்கு 290 மில்லி, 127-க்கு 370, 120-க்கு 500. இது ஃபிலிமை மூழ்கடிக்கத் தேவையான அளவு மட்டுமே. ஃபிலிமைக் கழுவ அதில் போதுமான மருந்து இருக்கிறதா என்பது தனிக் கணக்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் சத்தில்லாத, மொழுக்கென்ற நெகட்டிவ்தான் வரும்.

கோடாக்கின் டி-76 டெவலப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு ஒன்று, அதாவது ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்து, நீர்த்துப் பயன்படுத்தினால், 36 படங்கள் உள்ள ஒரு ரோலுக்கு 473 மில்லி என்பது கோடாக் சொல்லும் கணக்கு. அதே கலவையில் பாதி அளவு, அதாவது 237 மில்லி டேங்கில் ஒரு ரோல் கழுவினால் நேரத்தைச் சுமார் 10 சதவீதம் கூட்டச் சொல்கிறது. பேட்டர்சனின் 290 மில்லி இந்த இரண்டாவது வகைக்கு அருகில் வருகிறது. ஆக, டிரை-எக்ஸ் 400 ஃபிலிமுக்கு 20 டிகிரியில் 9 நிமிடம் 45 வினாடி என்று போட்டிருந்தால் பத்தே முக்கால் நிமிடம் வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்டால் டெவலப்பர் என்றால் ஒரு ரோலுக்குக் குறைந்தது 100 மில்லி ஸ்டாக், அதாவது நீர்க்காத கரைசல், வேண்டும். ஒன்றுக்கு ஒன்று என்றால் 290-இல் 145 இருக்கிறது, கவலையில்லை. ஒன்றுக்கு மூன்று நீர்த்தால் 72 மில்லிதான் வரும், பற்றாது. ரோடினலில் இது இன்னும் கூர்மை. 1891-இல் அக்ஃபா காப்புரிமை பெற்ற இந்த டெவலப்பரை ஒன்றுக்கு நூறு நீர்த்து ஒரு மணி நேரம் அசையாமல் வைக்கும் முறை இப்போது பரவலாக இருக்கிறது. 290 மில்லியில் அப்படி நீர்த்தால் உள்ளே போவது 3 மில்லிகூட இல்லை. ரோலுக்கு 5 மில்லி என்று வைத்துக்கொண்டால் ஐந்நூறு சொச்சம் மில்லி ஊற்ற வேண்டும். இரண்டு ரீல் டேங்கை வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு ரோலைக் கீழே, காலி ரீலை மேலே வைத்து 590 மில்லிவரை ஊற்றினால் மருந்துப் பற்றாக்குறையே வராது.

அதற்காக விளிம்புவரை ஊற்றிவிடவும் கூடாது. உள்ளே காற்றுக்கு இடமிருந்தால்தான் கவிழ்க்கும்போது திரவம் புரளும். காது வைத்துக் கேட்டால் 'களக் களக்' என்று சத்தம் வர வேண்டும். சத்தமே இல்லையென்றால் டேங்க் மட்டும்தான் கவிழ்கிறது, டெவலப்பர் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஊற்றும் வசதியில் பேட்டர்சனை அடித்துக்கொள்ள ஆளில்லை. அகலப் புனல், 600 மில்லியும் சில வினாடிகளில் இறங்கிவிடும். டேங்கை லேசாகச் சாய்த்துப் பிடித்தால் காற்று ஒரு பக்கமாக வெளியேறி இன்னும் வேகமாகப் போகும். எஃகு டேங்குகளின் சின்ன வாயில் ஊற்றிப் பழகியவருக்கு இதன் அருமை தெரியும். வெளியே ஊற்ற அதைவிடச் சற்று நேரம் பிடிக்கும், ஆகவே கழுவும் நேரம் முடியப் பத்து வினாடி இருக்கும்போதே சாய்க்க ஆரம்பிப்பது வழக்கம்.

ஊற்றியவுடன் டேங்கின் அடியை மேசையில் இரண்டு மூன்று முறை தட்டுங்கள். ஃபிலிமில் ஒட்டிய காற்றுக்குமிழி கிளம்பிவிடும். கிளம்பாத குமிழி நெகட்டிவில் தெளிந்த வட்டப் புள்ளியாக, பிரிண்டில் கரும்புள்ளியாக நிற்கும். கூட வரும் குச்சி இந்த முதல் கலக்கலுக்கு நல்லது. குழாயின் தலையில் செருகி இடமும் வலமுமாகச் சில முறை திருப்பினால் போதும். முழுக் கழுவலுக்கும் குச்சியையே நம்புவது சரியில்லை. சுழற்றும்போது திரவம் ரீலைச் சுற்றி ஒரே பாதையில் ஓடுகிறது, ஓரமும் நடுவும் ஒரே மாதிரி வருவதில்லை. கவிழ்த்தல்தான் சீராகக் கலக்கும். ஃபிலிம் நிறுவனமான இல்ஃபோர்டின் முறையில் முதல் பத்து வினாடியில் நான்கு முறை கவிழ்த்து, பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதே நான்கு. கோடாக் முறையில் அரை நிமிடத்துக்கு ஒருமுறை, ஐந்து வினாடியில் ஐந்து முதல் ஏழு. எதை எடுத்தாலும் ரோலுக்கு ரோல் மாற்றாதீர்கள். வேகமாகக் குலுக்கினால் பல்துளைகளின் வழியே டெவலப்பர் பீய்ச்சி, துளைக்கு நேராக நெகட்டிவில் கருங்கோடுகள் விழும். கலக்கவே இல்லையென்றால் பழைய டெவலப்பர் கீழ்நோக்கி வழிந்து வேறு மாதிரிக் கோடு போடும். ஒவ்வொரு முறை கவிழ்க்கும்போதும் டேங்கைக் கையில் கால் திருப்பம் திருப்பிக்கொண்டால் நல்லது.

மேல் தொப்பியைப் பற்றிப் புகார்கள் அதிகம், அவற்றில் பாதி நியாயமானவை. அழுத்தி மூடும் ரகம். விளிம்பு ஈரமாக இருந்தால் சரியாக உட்காராது, கவிழ்க்கும்போது மணிக்கட்டில் சொட்டும். டெவலப்பரை ஊற்றியதும் விளிம்பை ஒரு துணியால் துடைத்து, தொப்பியின் நடுவை விரலால் அழுத்திக் கொஞ்சம் காற்றை வெளியேற்றியபடியே ஓரத்தைச் சுற்றிலும் அழுத்தினால் நன்றாக ஒட்டிக்கொள்ளும். டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத் கட்டத்தில் கவனம் தேவை. கார்பனேட் உள்ள டெவலப்பருக்குப் பிறகு அமில ஸ்டாப் ஊற்றினால் வாயு கிளம்பித் தொப்பி மேலெழும்பும். ஒருமுறை கவிழ்த்ததும் ஓரத்தைத் தூக்கிக் காற்றை விட்டுவிடுங்கள். எத்தனை அக்கறை எடுத்தாலும் இந்த டேங்கில் ஓரிரு துளி சொட்டத்தான் செய்யும். கையுறையும் கீழே ஒரு தட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

வெப்பநிலையில் பிளாஸ்டிக்குக்கு ஒரு அனுகூலம். எஃகு போல வெளிச்சூட்டை உடனே உள்ளே கடத்தாது, பத்து நிமிடக் கழுவலில் திரவம் பெரிதாக மாறாது. அதே காரணத்தால், உள்ளே போன திரவம் ஏற்கனவே தப்பான சூட்டில் இருந்தால் டேங்கைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துச் சரிசெய்ய நேரமாகும். ஊற்றுவதற்கு முன்பே பாட்டில்களைத் தொட்டியில் வைத்துச் சரிசெய்வதே முறை. தண்ணீர் 20 டிகிரிக்குக் குளிராத இடங்களில் நேரத்தைக் குறைத்தாக வேண்டும். 20 டிகிரியில் 4 நிமிடம் என்றால் 23-இல் 3 நிமிடம் என்பது இல்ஃபோர்டு தரும் கணக்கு. இங்கே ஒரு வரம்பு உண்டு: மொத்த நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் ஊற்றி வடிக்கும் நேரமே பெரிய பங்காகிவிடும், சீராக வராது. எச்பி5 பிளஸ் ஃபிலிமை ஐடி-11 டெவலப்பர் ஸ்டாக்கில் கழுவினால் 20 டிகிரியில் ஏழரை நிமிடம், அதை 23-க்கு மாற்றினால் ஐந்தரைக்கு வந்து நிற்கும். ஒன்றுக்கு ஒன்று நீர்த்தால் 13 நிமிடம், 23-இல் பத்துக்குச் சற்றுக் குறைவு. சூடான இடத்துக்கு இதுவே நிம்மதி.

ஸ்டாப், ஃபிக்ஸர் விஷயத்தில் டேங்குக்குப் பெரிய பங்கில்லை. ரேப்பிட் ஃபிக்ஸர் ஒன்றுக்கு நான்கு என்றால் 290 மில்லிக்கு 58 மில்லி ஃபிக்ஸரும் 232 மில்லி தண்ணீரும். வெட்டி எடுத்த லீடர் துண்டை முதலில் அதில் போட்டு எத்தனை வினாடியில் தெளிகிறது என்று பார்த்து, அதன் இரண்டு மடங்கு நேரம் வையுங்கள். டெல்டா, டி-மேக்ஸ் வகை ஃபிலிம்களுக்கு மூன்று மடங்கு. அலசுவதற்கு இந்த டேங்கே போதும், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் தண்ணீரை வீணாக்க வேண்டாம். எமல்ஷனை இறுக்கும் ஹார்டனர் கலக்காத ஃபிக்ஸர் என்றால் தண்ணீர் நிரப்பி ஐந்து முறை கவிழ்த்து வடித்து, மறுபடி நிரப்பிப் பத்து முறை, மறுபடி இருபது முறை. தண்ணீரின் சூடு மற்றக் கெமிக்கல்களோடு ஐந்து டிகிரிக்குள் இருக்கட்டும்.

தண்ணீர் திட்டில்லாமல் வழிய உதவும் வெட்டிங் ஏஜென்ட் என்ற கடைசிக் கட்டத்தில்தான் ரீலின் ஆயுள் இருக்கிறது. பலரும் அதை டேங்கிலேயே ஊற்றி, ரீலோடு முக்கி எடுக்கிறார்கள். அந்த வழுவழுப்பு பள்ளங்களிலும் குண்டுகளிலும் காய்ந்து படியும். ஒன்றிரண்டு தடவையில் தெரியாது. நாளாக ஆக, உலர்ந்த ரீலும் ஈரமான ரீல் மாதிரியே முரண்டு பிடிக்க ஆரம்பிக்கும். ரீல் தேய்ந்துவிட்டது என்று புதிதாக வாங்குகிறவர்கள் அதற்கு முன் ஒருமுறை பிரித்துப்போட்டு, கை பொறுக்கும் சுடுதண்ணீரில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் பள்ளம் பள்ளமாகத் தேய்த்துப் பார்க்கட்டும். பெரும்பாலும் பழையபடி ஓடும். வெட்டிங் ஏஜென்டுக்கு ஒரு தனிப் பாத்திரம் வையுங்கள். ஃபிலிமை ரீலிலிருந்து கழற்றி அதில் முக்கி எடுத்துத் தொங்கவிடுங்கள். அளவு ஒன்றுக்கு இருநூறு, அதைவிடக் கெட்டியானால் காய்ந்த பிறகு வழிந்த தடம் தெரியும். தண்ணீர் உப்பாக இருந்தால் இந்த ஒரு கலவைக்கு மட்டுமாவது டிஸ்டில்டு வாட்டர்.

எஃகு ரீலோடு ஒப்பிடாமல் இந்த விமர்சனம் முழுமையாகாது. எஃகில் ஃபிலிம் நடுவிலிருந்து வெளியே சுற்றிக்கொண்டு போகும். ஈரம் ஒரு பிரச்சினையே இல்லை, துடைத்துவிட்டு உடனே அடுத்த ரோலை ஏற்றலாம். படிவு, குண்டு, எதுவும் கிடையாது. ஹ்யூஸ் என்ற பிராண்டின் எஃகு ரீல்கள் தடித்த கம்பியில் செய்தவை, 35 மிமீ ரீலின் நடுவில் பல்துளையை மாட்ட இரண்டு முனைகள் இருப்பதால் தொடக்கம் கோணாது. ஆனால் கை பழக நாளாகும். மெல்லிய கம்பியில் செய்த மலிவான எஃகு ரீல் ஒருமுறை கீழே விழுந்தால் போதும், கண்ணுக்குத் தெரியாத அளவு நெளிந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு ரோலிலும் எங்கேயாவது ஒரு சுற்று பக்கத்துச் சுற்றோடு ஒட்டும். அந்த ரகத்தைவிட பேட்டர்சன் எவ்வளவோ மேல். வாரத்துக்கு ஒன்றிரண்டு ரோல், 35-உம் 120-உம் கலந்து, என்றால் பேட்டர்சனே போதும். ஒரே மூச்சில் பத்து ரோல் 35 மிமீ கழுவுகிறவர் நல்ல எஃகுக்குப் போகலாம். 120 மட்டும் பேட்டர்சன் ரீலில் படுத்துகிறது என்றால் டேங்கை மாற்ற வேண்டியதில்லை. வாயில் அகலமான நாக்கு நீட்டிய ஏபி வகை ரீல் இதே டேங்கில் பொருந்தும், 120-இன் நுனி அதில் வழிதவறாமல் நுழையும்.

பழைய டேங்க் வாங்குவதானால் பார்க்க வேண்டியவை. ரீலைக் காதருகே வைத்து ஆட்டினால் இரண்டு குண்டுகளும் கடகடக்க வேண்டும். ஒன்று விழுந்திருந்தால் அந்த ரீல் நடக்காது. இரண்டு தட்டும் கடைசிவரை தடையில்லாமல் திரும்புகிறதா, புனலைத் திருகினால் 'கிளிக்' வருகிறதா, பாத்திரத்தின் விளிம்பில் மயிரிழை விரிசல் உண்டா என்று பாருங்கள். பாகங்கள் எல்லாம் ஒரே டேங்கினுடையவையா என்பதும் முக்கியம், ஏனென்றால் பேட்டர்சனின் பழைய மாடல்களின் மூடியும் குழாயும் இதில் பொருந்தாது. ரீலில் இளஞ்சிவப்பு, ஊதாக் கறை இருந்தால் பயப்பட வேண்டாம், ஃபிலிமின் சாயம்தான். வெளிச்சம் கசிகிறதா என்று சோதிக்க 400 வேக ஃபிலிமில் படம் எடுக்காத ஒரு துண்டை ரீலில் ஏற்றி, மூடி, வெயில் படும் இடத்தில் பத்து நிமிடம் வையுங்கள். இடையில் டேங்கைச் சுற்றிலும் திருப்பிக் காட்டுங்கள். பிறகு கழுவிப் பார்த்தால் துண்டு முழுக்க ஒரே மாதிரித் தெளிவாக இருக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் கருமை ஏறியிருந்தால் விளிம்பில் விரிசல், முழுக்கக் கருத்திருந்தால் குழாயோ புனலோ சரியில்லை.